எட்டு எண்ணிக்கை

எனக்கு ராகம் தெரியாது.
பாட்டு டீச்சர் மாறுதலில் போய்ப் பதினான்கு மாதம்.
காலியிடத்தைத் தலைமையாசிரியர்
என் பெயரால் நிரப்பினார்:
"இயற்பியல்ல ஒலி நடத்துறீங்கல்ல, அப்புறமென்ன?"

அப்படித்தான் ஆய்வகத்துக்கு வந்தார்கள்
மாலை மணிக்குப் பின் நாலு பேர்.
குழலோடு அடைக்கலம்,
வயலினைத் துண்டில் சுற்றிய உமையாள்,
பாடுவதற்கு ஹாஜிரா,
மிருதங்கத்தை கேரியரில் கட்டி
சாக்கோட்டையிலிருந்து மிதித்து வரும் வேலாயுதம்.

என் வேலை
எமிஸ் எண், சான்றிதழ், பெற்றோர் கையெழுத்து,
அப்புறம் கைப்பேசியில் நேரம் பார்ப்பது.
தனிக்கு மூன்று நிமிடம், குழுவுக்கு ஆறு.
ஒரு நொடி கூடினால் மணி அடிப்பார்களாம்.
பழகட்டும் என்று
பீக்கரில் கரண்டியால் அடித்துக்கொண்டே இருந்தேன்.

புதுவயலில் மௌனம் கிடையாது.
சுவருக்கு அந்தப் பக்கம் அரிசி ஆலை.
நெல் அவியும் வாசனை, புத்தகத்தின்மேல் உமி,
மோட்டாரின் ஓயாத உறுமல்.
செயலியில் பிடித்துப் பார்த்தேன்: நூறு ஹெர்ட்ஸ்.
"அஞ்சு கட்டைக்கு மயிரிழை மேல இருக்கு மிஸ்"
என்றான் அடைக்கலம், என்னைவிட வேகமாக.
கைப்பேசித் தம்புரா அதற்குள் அமுங்கிப்போக
ஆலையையே சுருதியாக வைத்துக்கொண்டோம்.
இத்தனை குதிரைத்திறனில் ஒரு தம்புரா
எந்தச் சபாவிலும் இராது.

வேலாயுதத்துக்குச் சும்மா இருக்க வராது.
உருப்படி நடுவே ஒரு ஆவர்த்தனம்
மூவரும் கைகட்டிக் கிடக்க, குழல் மட்டும்.
அடுத்ததில் குழல் இறங்கிக்கொள்ள, மூவர் மட்டும்.
இவனோ அந்த எட்டு எண்ணிக்கைக்குள்
எப்படியாவது ஒரு தகதிமியைச் செருகிவிடுவான்.
"உன் விரலுக்குப் பேதியாடா?" என்பாள் உமையாள்.
பதினோரு நாள் ஆயிற்று
அவன் கை மடியில் அடங்க.
அடங்கிய அன்று நான் பீக்கரை அடிக்க மறந்தேன்.

தனிக்கென்று வேறு பழக நேரமில்லை.
"இதையே ஊதிர்றேன் மிஸ்."
ஹம்சத்வனிதானே, ஊது என்றேன்,
எல்லாம் தெரிந்தவள் மாதிரி.

காரைக்குடியில்
தனிக்கும் குழுவுக்கும் ஒரே பத்தே முக்கால்.
வேறு வேறு அரங்கம்.
"கம்ப்யூட்டர் போட்ட பட்டியல் டீச்சர்,
நாங்க என்ன பண்றது?"
நான் மன்றாடிக்கொண்டிருக்கும்போதே
ஹாஜிரா முடிவு செய்துவிட்டாள்:
"நீ தனிக்குப் போடா.
மாநிலத்துக்கு ஒருத்தனாச்சும் போகட்டும்."

குளிரூட்டிய அரங்கு. சத்தமே இல்லை.
மேடையேறிய ஹாஜிரா
ஆலையைக் காணோம் என்பதுபோல் என்னைப் பார்த்தாள்.
பிறகு எங்கிருந்தோ எடுத்தாள் ஸட்ஜத்தை,
அந்த மயிரிழை உயரத்தோடு.

நடுவில் அந்த இடம் வந்தது.
குழல் இல்லை.
நிரப்பு, வேலாயுதம், நிரப்பிவிடு என்று
முதன்முதலாக வேண்டிக்கொண்டேன்.
அவன் கை மடியில் கிடந்தது.
எட்டு எண்ணிக்கையும் வெறுமையாகப் போயின.
நடுவர் ஒருவர் பேனாவைத் திறந்தார்.

மறு அரங்குக்குப் போன கணக்கு சார் சாத்தப்பன்
வெளியே வந்து சொன்னார்:
"நல்லாத்தான் ஊதினான், டீச்சர்.
நடுவுல என்னமோ நிறுத்திட்டான்.
குழலை இறக்கி வச்சிட்டு
யாருக்கோ காத்திருக்கிற மாதிரி.
எண்ணிப் பார்த்தேன், எட்டு."

தனியில் மூன்றாமிடம். குழுவில் இடமில்லை.

மேற்பொருந்துதல் என்று ஒரு பாடம் உண்டு,
வருடாவருடம் நடத்துகிறேன்.
இரண்டு அலைகளை ஒரே தாளில் வரைந்து கூட்டச் சொல்வேன்.
திரும்பும் பேருந்தில்
பயணச்சீட்டின் பின்புறம் வரைந்து பார்த்தேன்.
இந்த அரங்கின் பள்ளத்தில்
அந்த அரங்கின் குழல்.
அந்த அரங்கின் பள்ளத்தில் இந்த மூவர்.
எங்கேயும் ஓட்டையில்லை.
அதைக் கேட்க ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில்
உட்கார்ந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

எலுமிச்சைச் சாதம் கை மாறிக்கொண்டிருந்தது.
யார் மேலும் யாருக்கும் கோபமில்லை,
ஊறுகாய் கொண்டுவராத உமையாள்மேல் தவிர.
புதுவயல் நெருங்க உறுமல் கேட்டது.
ஹாஜிரா வாயில் சோற்றோடு
"ம்ம்" என்று ஒட்டிப் பார்த்தாள்.
சரியாக இருந்தது.